கிளுவை வேலி, பனை, கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்): எதில் எந்தப் பறவை?

தாராபுரம் பக்கமிருந்து:

காங்கேயம், வெள்ளகோயில், மூலனூர் வட்டாரத்தில் ஒரு காட்டில், அதாவது விவசாய நிலத்தில், என்ன பறவை இருக்கும் என்று தெரிய, பயிருக்கு முன்னால் வேலியைப் பாருங்கள். ஆளுயரக் கிளுவை, அடியில் சங்கஞ்செடி, மேலே கோவைக்கொடி என்று அடர்ந்த வேலியில் கவுதாரி, செண்பகம், வெண்புருவச் சின்னான், தவிட்டுக்குருவி எல்லாம் ஒதுங்கும். அதை எடுத்துவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தால் கரிச்சானும் பனங்காடையும் கம்பியில் உட்காரும். புதருக்குள் ஒளிந்து வாழ்பவை போய்விடும்.

வேலியைச் சுற்றிலும் ஒரே வருடத்தில் கழித்துவிடாதீர்கள். இந்த வருடம் ஒரு பக்கம், அடுத்த வருடம் மறுபக்கம். சந்து விழுந்த இடத்தில் மழைக்கு முன் கட்டைவிரல் பருமனுள்ள கிளுவைப் போத்தை (வெட்டிய கிளைத்துண்டை), வெட்டுவாயில் பால் காய்ந்தபின், ஓரடி ஆழத்தில் நெருக்கமாக நடலாம். தலைகீழாக ஊன்றினால் வராது. தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். துளிரை வெள்ளாடு கடிக்காமலிருக்க வேலமுள்ளை வெட்டிப் போடுங்கள்.

கரூர் பக்கமிருந்து:

பனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொங்கும் ஓலையின் அடிப்புறத்தில் பனை உழவாரன் எச்சிலால் கூட்டை ஒட்டும். கொண்டை விழுந்த மொட்டைப் பனை உளுத்துப் பொந்து விழுந்தால் கிளி, மைனா, பனங்காடை, புள்ளி ஆந்தை என்று குடிவரும். அந்த மரத்தைத்தான் 'பட்டுப்போச்சு' என்று முதலில் செங்கல் சூளைக்கு வெட்டிக் கொடுக்கிறார்கள், மனம் பதைக்கிறது. வீடும் தடமும் பக்கத்தில் இல்லையென்றால் அது நிற்கட்டும்.

தூக்கணாங்குருவிக்குக் கிணற்றின் மேல் சாய்ந்த கருவேலம் மட்டும் போதாது. நார் கிழிக்கச் சோளத்தோகையோ பனையோலையோ, கூட்டில் அப்ப ஈரமண்ணோ பக்கத்திலேயே கிடைக்க வேண்டும்.

மறுபடியும் தாராபுரத்திலிருந்து:

உண்மைதாங்க. ஆனால் 'மரம் கூடினால் பறவை கூடும்' என்று கொறங்காட்டை மரத்தால் நிரப்புவது பெரிய தவறு. வெள்வேல் அங்கொன்று இங்கொன்றாக, கீழே மாடு மேய்ந்த கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெறும் செம்மண். இந்த வெட்டவெளிதான் சாம்பல்தலை வானம்பாடிக்கும் மஞ்சள்மூக்கு ஆள்காட்டிக்கும் வேண்டியது. வானம்பாடியின் கூடு ஒரு மண்கட்டியின் ஓரத்தில் மாட்டுக் குளம்படி அளவுப் பள்ளம். உள்ளே கொஞ்சம் காய்ந்த புல், இரண்டு மூன்று முட்டை. குனிந்து பார்த்தாலும் சட்டென்று தெரியாது. குளிர்காலத்தில் வரும் பூனைப்பருந்து வெட்டுக்கிளி தேடித் தாழப் பறப்பதும் இங்கேதான். நடுக்காட்டில் மரத்தையோ சீமைக்கருவேலையோ அடர விட்டால் காகமும் குயிலும் மைனாவும் வரும், வானம்பாடி போகும். பறவைப் பட்டியலின் எண்ணிக்கை குறையாது என்பதால் இழப்பு கண்ணில் படாது.

அதனால்தான் வேலியோரத்துப் பறவைகளையும் நடுக்காட்டுப் பறவைகளையும் தனித்தனியாக எண்ண வேண்டும். விடிந்த இரண்டு மணி நேரத்துக்குள், ஒவ்வோர் இடத்திலும் 15 நிமிடம் நின்று, 50 மீட்டர் வட்டத்துக்குள் இருப்பவை மட்டும். அடுத்த இடம் 200 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். இல்லையென்றால் அதே கரிச்சானை இரண்டு முறை எழுதுவோம். மேலே பறந்து கடப்பவற்றைத் தனியாகக் குறியுங்கள். பலரும் நடக்க வசதி என்று வேலித்தடத்திலேயே போய் வருகிறார்கள், வானம்பாடி அவர்கள் பட்டியலில் ஏறுவதே இல்லை. மரம் நட விருப்பமென்றால் வேலியோரத்தில் நடுங்கள், நடுக்காடு மாட்டுக்கும் புல்லுக்கும் இருக்கட்டும்.