ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் ரெண்டுக்கும் ஒரே டிபக் இன்டர்ஃபேஸ்: ஸ்டெப் குடுத்தா பிசி (ப்ரோக்ராம் கவுண்டர்) நகர மாட்டேங்குது, உதவுங்க

கம்பிமுனை:
வணக்கம் மக்களே, ரெண்டு வாரமா ஒரே இடத்துல நிக்கிறேன், யாராவது வழி சொல்லுங்க.

சொந்தமா ஒரு டிபக் ப்ரோப் (கம்ப்யூட்டருக்கும் சிப்புக்கும் நடுவுல இருந்து கோர நிறுத்தி ஓட்டுற டிவைஸ்) ஃபர்ம்வேர் எழுதிட்டு இருக்கேன். மேல ஜிடிபி டிபக்கர் கூட அதோட ரிமோட் ப்ரோட்டோகால் பேசுற சர்வர், கீழ ப்ராசஸருக்கு தகுந்த மாதிரி டிரைவர், நடுவுல ரெண்டுக்கும் பொதுவா ஒரு இன்டர்ஃபேஸ். அதுல இருக்கிறது மொத்தமே எட்டு ஃபங்ஷன்: ஹால்ட், ரெஸ்யூம், ஸ்டெப், ரெஜிஸ்டர் படி, ரெஜிஸ்டர் எழுது, மெமரி படி, மெமரி எழுது, பிரேக்பாயின்ட் வை. முதல்ல கார்டெக்ஸ்-எம்4க்கு எஸ்டபிள்யூடிங்கிற ரெண்டு கம்பி டிபக் லைன் வழியா எழுதினேன், எல்லாம் ஜோரா ஓடுச்சு. அந்த தைரியத்துல ஜேடேக்ங்கிற இன்னொரு டிபக் லைன் வழியா ஒரு 32 பிட் ரிஸ்க்-ஃபைவ் கோருக்கு அதே எட்டு ஃபங்ஷனையும் எழுதி மாட்டினேன், சிப்புக்குள்ள டிபக் கமாண்ட் வாங்குற டிபக் மாட்யூல் 0.13 வெர்ஷன், ஃப்ளோட்டிங் பாயின்ட் இல்லாத சின்ன கோர்.

ஹால்ட் ஆகுது. டிபக் மாட்யூலோட டிஎம்கன்ட்ரோல் ரெஜிஸ்டர்ல பிட் 31 ஹால்ட்ரெக் போட்டா, நிலைய சொல்ற டிஎம்ஸ்டேட்டஸ்ல ஆல்ஹால்டட் வருது. ஜிடிபி கனெக்ட் ஆனதும் பிசி, அதாவது அடுத்து ஓடப்போற இன்ஸ்ட்ரக்ஷனோட அட்ரஸ், ஹெக்ஸ் 20010150னு சரியா காட்டுது. முதல் ஸ்டெப்புக்கு 20010154, அதுவும் சரி. அதுக்கப்புறம் எத்தனை தடவ ஸ்டெப் குடுத்தாலும் 20010154தான், அசைய மாட்டேங்குது. ஆனா கோர் நிஜமா நிக்கல, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் யுஆர்ட் சீரியல் போர்ட்ல "லூப் ஓடுது"ன்னு முழு வரியே வந்து விழுது. மெமரி படிச்சா எல்லாம் சரியாத்தான் இருக்கு.

ஸ்டெப் ஃபங்ஷன்ல டிசிஎஸ்ஆர் (கோரோட டிபக் கன்ட்ரோல் ரெஜிஸ்டர்) படிச்சு, ஸ்டெப் பிட்டான பிட் 2 செட் பண்ணி, திரும்ப எழுதி, ரெஸ்யூம்ரெக் குடுக்கிறேன். 50 மில்லிசெகண்டுக்குள்ள நிக்கலன்னா ஹால்ட்ரெக் போட்டு நிறுத்துற மாதிரி எழுதியிருக்கேன்.

இன்னொரு கேள்வியும் இருக்கு. இந்த எட்டு ஃபங்ஷன் டிசைனே தப்பா? ரெண்டு ஆர்க்கிடெக்சருக்கும் பொதுன்னு எங்க கோடு போடணும்னு எனக்கு இன்னும் புரியல.

ஹார்ட்_எண்_0:
ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் ஓடி யுஆர்ட்ல முழு வரி வர சான்ஸே இல்ல. அப்போ உங்க கோர் ஸ்டெப் ஆகவே இல்ல, 50 மில்லிசெகண்ட் ஃப்ரீயா ஓடி உங்க ஹால்ட்ரெக்ல வந்து நிக்குது. அந்த டைம்அவுட்தான் நிஜ பிரச்சனைய உங்க கண்ணுல இருந்து மறைக்குது, முதல்ல அத எடுங்க. ரெண்டு விஷயம் பார்த்துட்டு சொல்லுங்க: ஸ்டெப் முடிஞ்சதும் எல்லா ரெஜிஸ்டரையும் பிரின்ட் பண்ணினா எஸ்பி (ஸ்டேக் பாயின்டர்), ஆர்ஏ (ரிட்டர்ன் அட்ரஸ்) ரெண்டுலயும் என்ன வருது? கமாண்ட் நிலைய காட்டுற அப்ஸ்ட்ராக்ட்சிஎஸ் ரெஜிஸ்டர்ல பிட் 10ல இருந்து 8 வரைக்கும் என்ன இருக்கு?

கம்பிமுனை:
இப்பதான் பார்த்தேன், எஸ்பி, ஆர்ஏ, எக்ஸ்0 உட்பட எல்லாத்துலயும் 20010154! எக்ஸ்0 எப்பவும் பூஜ்யமாத்தானே இருக்கணும்? இவ்ளோ நாள் பிசிய மட்டுமே பார்த்துட்டு இருந்ததால இது கண்ணுலயே படல. அப்ஸ்ட்ராக்ட்சிஎஸ்ல அந்த மூணு பிட்டுல 2 இருக்கு.

ஹார்ட்_எண்_0:
அப்போ இதுதான் விஷயம். அந்த மூணு பிட்டு சிஎம்டிஎர்ர். 2ன்னா "இந்த கமாண்ட் எனக்கு தெரியாது". அது ஒருதடவ பூஜ்யம் இல்லாம ஆயிடுச்சுன்னா நீங்களா ஒன்னு எழுதி க்ளியர் பண்ற வரைக்கும் அதுக்கப்புறம் வர்ற அப்ஸ்ட்ராக்ட் கமாண்ட் (ரெஜிஸ்டர் படி, எழுதுன்னு நீங்க அனுப்புறது) எதையும் டிபக் மாட்யூல் கண்டுக்கவே கண்டுக்காது.

உங்க ரெஜிஸ்டர் லிஸ்ட் எம்4ல இருந்து வந்த டெம்ப்ளேட்டா? அப்படின்னா பிசிக்கு அப்புறம் ஃப்ளோட் ரெஜிஸ்டரும் கேட்டிருப்பீங்க. உங்க கோர்ல அது கிடையாது, அந்த எடத்துல சிஎம்டிஎர்ர் 2 ஆயிருக்கு. கடைசியா வெற்றிகரமா படிச்சது பிசி, அதனால கமாண்டோட பதில் வந்து விழுற டேட்டா0ல 20010150 அப்படியே உக்காந்திருக்கு. இப்ப நீங்க ஸ்டெப்புக்காக டிசிஎஸ்ஆர் படிக்கிறீங்க, கமாண்ட் ஓடல, ஆனா டேட்டா0ல இருக்கிற பிசிய டிசிஎஸ்ஆர்னு நினைச்சு எடுத்துக்கிறீங்க. அதுல பிட் 2 செட் பண்றீங்க, 150 மேல 4 சேர்ந்தா 154. அத டேட்டா0ல எழுதுறீங்க, அந்த எழுத்து மட்டும் நடக்கும், ஏன்னா டேட்டா0 நேரடி ரெஜிஸ்டர். கமாண்ட் மறுபடி ஓடல. டிசிஎஸ்ஆர்ல ஸ்டெப் பிட் ஏறவே இல்ல. அப்புறம் பிசி படிச்சா 154. முதல் ஸ்டெப் சரியா வேலை செஞ்ச மாதிரி தெரிஞ்சது வெறும் பிட் 2 தற்செயல்.

ரெஸ்யூம்ரெக், ஹால்ட்ரெக் ரெண்டும் டிஎம்கன்ட்ரோல்ல இருக்கு, அதுக்கும் சிஎம்டிஎர்ருக்கும் சம்பந்தமில்ல, அதனால கோர் ஓடுறதும் நிக்கிறதும் ஒழுங்கா நடக்குது. மெமரி சரியா வருதுன்னா நீங்க கோரத் தொடாம நேரா மெமரிக்கு போற சிஸ்டம் பஸ் வழியா படிக்கிறீங்கன்னு அர்த்தம், அதுக்கு தனி ரெஜிஸ்டர், தனி எர்ரர் பிட்.

கம்பிமுனை:
ஆமாங்க சிஸ்டம் பஸ்தான், ஃப்ளோட் லிஸ்ட்டும் எம்4ல இருந்து அப்படியே வந்ததுதான். ஒவ்வொரு கமாண்டுக்கு அப்புறமும் பிஸி பிட் இறங்குற வரைக்கும் காத்திருந்து, சிஎம்டிஎர்ர் பார்த்து, இருந்தா க்ளியர் பண்ணி எர்ரர் திருப்பி அனுப்புற மாதிரி மாத்திட்டேன். ஸ்டெப் சூப்பரா நடக்குது! கம்ப்ரெஸ்டு இன்ஸ்ட்ரக்ஷன்ல 2 கூடுது, மத்ததுல 4 கூடுது. எவ்ளோ நன்றி சொன்னாலும் தகும்.

ஆனா இன்னொன்னு கிளம்பிடுச்சு. ரேம்ல ஓடுற கோடுல ஈபிரேக் இன்ஸ்ட்ரக்ஷன் எழுதி பிரேக்பாயின்ட் வைக்கிறேன், கனெக்ட் பண்ணினதும் டிசிஎஸ்ஆர்ல பிட் 15 ஈபிரேக்எம் செட் பண்ணிடுறேன், பிரேக்பாயின்ட் அழகா நிக்குது. ஒருதடவ ரீசெட் குடுத்துட்டேன்னா அதுக்கப்புறம் அதே பிரேக்பாயின்ட் நேரா ட்ராப் ஹேண்ட்லர்ல போய் விழுது. எம்4ல ரீசெட் பண்ணினா இப்படி ஆகல, அங்கயும் கனெக்ட் பண்ணும்போது ஒரே தடவதான் டிபக் எனேபிள் பண்றேன்.

பழைய_ஜேடேக்:
நடுவுல நான் வரேன், இந்த ரீசெட் விஷயத்துல நானும் பல ராத்திரி முழிச்சிருக்கேன்.

கார்டெக்ஸ்-எம்4ல டிபக் கன்ட்ரோல் ரெஜிஸ்டரான டிஎச்சிஎஸ்ஆர்ல இருக்கிற சி_டிபக்என் பிட்ட பவர்-ஆன் ரீசெட் மட்டும்தான் அழிக்கும், சாதாரண சிஸ்டம் ரீசெட்டுல அது அப்படியே நிக்கும். ரிஸ்க்-ஃபைவ்ல டிசிஎஸ்ஆர் ஹார்ட்டோட (இன்ஸ்ட்ரக்ஷன் ஓட்டுற ஹார்ட்வேர் த்ரெட்) சொந்த ரெஜிஸ்டர், ஹார்ட் ரீசெட் ஆனா ஈபிரேக்எம்மும் பூஜ்யம் ஆயிடும். அதுக்கப்புறம் ஈபிரேக் வந்தா டிபக் மோடுக்குப் போகாம சாதாரண எக்ஸப்ஷனா மாறி ட்ராப் ஹேண்ட்லர் போகும், உங்களுக்கு நடந்தது அதான்.

டிஎம்ஸ்டேட்டஸ்ல பிட் 18, 19ல ஹேவ்ரீசெட் இருக்கு, போல் பண்ணும்போது அத பாருங்க, வந்திருந்தா டிஎம்கன்ட்ரோல் பிட் 28ல அக்னாலெட்ஜ் குடுத்துட்டு கோர நிறுத்தி டிசிஎஸ்ஆர மறுபடி எழுதுங்க. முதல் இன்ஸ்ட்ரக்ஷன்லயே புடிக்கணும்னா ரீசெட்-ஹால்ட்-ரெக் இருக்கான்னு டிஎம்ஸ்டேட்டஸ் பிட் 5ல கேளுங்க, அது எல்லா சிப்லயும் இருக்காது, ஆப்ஷனல். ஆர்ம்ல இதே வேலைய டிஇஎம்சிஆர்ல விசி_கோர்ரீசெட் செய்யும். அதனால பொது இன்டர்ஃபேஸ்ல "ரீசெட் பண்ணி ஆரம்பத்துலயே நிறுத்து"ன்னு ஒரே ஃபங்ஷன் வைங்க, எந்த பிட்டுங்கிறது டிரைவர் பாடு. கூடவே "ரீசெட் நடந்துடுச்சு, தயார் பண்ணு"ன்னு ஒரு ஹூக்.

தூங்காத_கடிகாரம்:
எல்லாரும் பக்-அ மட்டும் பேசுறீங்க, அவர் கேட்ட ரெண்டாவது கேள்விக்கு வரேன், எனக்கு அதுதான் முக்கியமா படுது.

எட்டு ஃபங்ஷன்ங்கிறதுல தப்பில்ல, அது திருப்பித் தர்றதுலதான் ஓட்டை. ரெஜிஸ்டர் படின்னா மதிப்பு மட்டும் வருது, "படிக்க முடியல"ன்னு சொல்ல வழியே இல்ல, அதனாலதான் பழைய டேட்டா0 உண்மை மாதிரி மேல வரைக்கும் வந்துச்சு. ஆர்ம்லயும் இதே மாதிரி ஒட்டிக்கிற எர்ரர் இருக்கு, டிபக் போர்ட்ல ஸ்டிக்கிஎர்ர் ஏறினா அபார்ட் ரெஜிஸ்டர்ல எழுதி அழிக்கிற வரைக்கும் மெமரி பக்கம் கேட்டா ஃபால்ட்தான் பதிலா வரும், அங்க இன்னும் மாட்டல அவ்ளோதான்.

அடுத்து ஹால்ட். அது கட்டளை இல்ல, வேண்டுகோள். கேட்டுட்டு நிலைய தனியா விசாரிக்கணும்: ஓடுது, நின்னுடுச்சு, ரீசெட்ல இருக்கு, பதிலே இல்ல. நின்னுடுச்சுன்னா ஏன் நின்னுச்சுன்னு காரணமும் வேணும், ஜிடிபிக்கு அது தேவைப்படும். ரிஸ்க்-ஃபைவ்ல டிசிஎஸ்ஆர் காஸ் ஃபீல்டு தெளிவா சொல்லும்: 1 ஈபிரேக், 2 ட்ரிக்கர், 3 நீங்க கேட்ட ஹால்ட், 4 ஸ்டெப். கார்டெக்ஸ்-எம்ல நின்ன காரணத்த வைக்கிற டிஎஃப்எஸ்ஆர் பார்க்கணும், அங்க நீங்க கேட்டு நின்னாலும் ஸ்டெப்ல நின்னாலும் அதே பிட் 0தான். அதனால கடைசியா என்ன கேட்டோம்னு டிரைவரே ஞாபகம் வச்சுக்கணும். மேல இருக்கிறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியவே கூடாது.

ஸ்டெப் பண்ணும்போது இன்ட்ரப்ட்ட மூடணுமாங்கிறதும் அப்படித்தான். ரிஸ்க்-ஃபைவ்ல ஸ்டெப்ஐஇ பிட், ஆர்ம்ல சி_மாஸ்க்இன்ட்ஸ், ஆனா ஆர்ம்ல கோர் நின்னுட்டு இருக்கும்போதே அத மாத்தணும், மாத்துற அதே எழுத்துல ஹால்ட்ட விடுவிக்கவும் கூடாது, ரெண்டு தனி எழுத்தா போகணும். மேல இருந்து "இன்ட்ரப்ட் இல்லாம ஒரு அடி"ன்னு எண்ணத்த சொல்லுங்க, பிட்ட சொல்லாதீங்க.

பிரேக்பாயின்ட் எத்தனைன்னு கேக்குற ஃபங்ஷன் பத்தாது. எம்3, எம்4ல எஃப்பிபிங்கிற ஹார்ட்வேர் பிரேக்பாயின்ட் யூனிட்ல இன்ஸ்ட்ரக்ஷனுக்கு ஆறு கம்பேரேட்டர், ஆனா அது ஹெக்ஸ் 20000000க்கு கீழ இருக்கிற கோடு ஏரியாவுக்கு மட்டும். ஆறு காலியா இருந்தாலும் ரேம்ல வைக்க முடியாது. அதனால "இந்த அட்ரஸ்ல வைக்க முடியுமா"ன்னு கேளுங்க. ரெஜிஸ்டர் லிஸ்ட்டையும் டிரைவரே சொல்லட்டும், அத அப்படியே டார்கெட் எக்ஸ்எம்எல்லா ஜிடிபிக்கு அனுப்பிடலாம். இத செஞ்சிருந்தா ஃப்ளோட் ரெஜிஸ்டர் பிரச்சனையே வந்திருக்காது.

பழைய_ஜேடேக்:
எல்லாம் ஒத்துக்கிறேன், ஒன்னு சேர்த்துக்கோங்க. மெமரி எழுதுறதும் கோடு எழுதுறதும் வேற வேற. சிஸ்டம் பஸ் வழியா ஈபிரேக் எழுதினா இன்ஸ்ட்ரக்ஷன் கேஷுக்கு அது தெரியாம போகலாம், கேஷ் இருக்கிற கோர்ல ப்ரோக்ராம் பஃபர் (டிபக் மோடுல சின்ன கோடு ஓட்டுற இடம்) வழியா ஃபென்ஸ்.ஐ (மாறின கோட புதுசா எடுக்க வைக்கிற இன்ஸ்ட்ரக்ஷன்) ஓட விடணும். "கோடு மாறிடுச்சு"ன்னு சொல்ற ஒரு ஃபங்ஷன் இன்டர்ஃபேஸ்ல இல்லன்னா இத பின்னாடி சொருக எடமே இருக்காது. கார்டெக்ஸ்-எம்7லயும் கேஷ் இருக்கலாம், இருந்தா அங்கயும் இது வரும்.

கம்பிமுனை:
எல்லாருக்கும் மனசார நன்றி. ரீசெட் ஹூக் போட்டாச்சு, பத்து தடவ ரீசெட் பண்ணிப் பார்த்தேன், பத்து தடவையும் பிரேக்பாயின்ட்ல கரெக்டா நிக்குது. இப்ப எல்லா ஃபங்ஷனும் எர்ரர் திருப்புது, ரெஜிஸ்டர் லிஸ்ட் டிரைவர்கிட்ட இருந்து வருது, 50 மில்லிசெகண்ட் டைம்அவுட்ட எடுத்துட்டு நிக்கலன்னா நிக்கலன்னே சொல்ற மாதிரி மாத்திட்டேன். எட்டு ஃபங்ஷன் பதிமூணு ஆயிடுச்சு. எம்4 டிரைவரையும் இதே மாதிரி திருத்தினப்போ இல்லாத அட்ரஸ படிச்சுப் பார்த்தேன், கடிகாரம் சொன்ன ஸ்டிக்கிஎர்ர் அங்கயும் இருந்துச்சு, இவ்ளோ நாள் அந்த பக்கம் நான் போகல அவ்ளோதான். அதையும் அபார்ட்ல எழுதி சரி பண்ணிட்டேன். அடுத்து ரெண்டு ஹார்ட் இருக்கிற கோர் எடுக்கப் போறேன், ஒன்னு நின்னா இன்னொன்னும் நிக்கணுமாங்கிற கேள்வியோட தனி இழைல வரேன்.