முன்சக்கர வண்டிக்கு எல்எஸ்டி: வளைவில் கைக்கும் காலுக்கும் என்ன மாறும்?

குடந்தை_கியர் (கேள்வி)

வண்டி 1.2 பெட்ரோல் ஹேட்ச்பேக், முன்சக்கர இழுவை, எடை சுமார் 900 கிலோ. வார நாள்ல கும்பகோணம் – தஞ்சாவூர் ஓட்டம். அப்பப்போ கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே பந்தயத் தளம், மண் தரை ஆட்டோகிராஸ் பந்தயம். செகண்ட் கியர்ல இறுக்கமான வளைவு, பாதி தாண்டி ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா உள்பக்க முன்சக்கரம் சும்மா சுத்துது. ஆர்பிஎம் ஏறுது, வேகம் ஏறல, முன்பக்கம் வெளியே தள்ளிக்கிட்டுப் போகுது. திருக்காட்டுப்பள்ளி – கல்லணை கரை ரோட்டுல மதகு மேட்ட ஏறி இறங்கின உடனே திரும்புற இடத்துல மணல் கிடந்தாலும் இப்படித்தான்.

எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்: எஞ்சின் சக்தியை ரெண்டு சக்கரத்துக்கும் பங்கிடுற டிஃபரன்ஷியல்ல, ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுத்துறதைக் கட்டுப்படுத்துற வகை) போடலாம்னு இருக்கேன். ஸ்டீயரிங் கையில எப்படி மாறும்? பிளேட் வகையா (உராய்வுத் தட்டு), ஹெலிக்கல் வகையா (சாய்வுப் பல் கியர்)? தினசரி ஓட்டத்துக்குத் தொல்லை வருமா?

மன்னை_டிரைவ்ஷாஃப்ட்

தம்பி, எல்எஸ்டி போட்டா டார்க் (சக்கரத்தைச் சுத்துற விசை) வெளிச்சக்கரத்துக்குப் போகும்னு பொதுவா சொல்றாங்க. அதுல பாதிதான் உண்மை. எந்த வகையானாலும் அது டார்க்கை வேகமா சுத்துற பக்கத்துலேர்ந்து மெதுவா சுத்துற பக்கத்துக்குத்தான் தள்ளும். இதப் புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா விளங்கும்.

15 மீட்டர் ஆரம் உள்ள வளைவு, சக்கர இடைவெளி 1.46 மீட்டர்னு வச்சுக்குங்க. வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 10 சதவீதம் அதிக தூரம் உருளணும். அதாவது உள்சக்கரம் அந்த 10 சதவீதத்தைத் தாண்டி வழுக்குற வரைக்கும் வெளிச்சக்கரம்தான் வேகமான சக்கரம். அதுவரை எல்எஸ்டி உள்சக்கரத்துக்குத்தான் டார்க் கொடுக்கும். அது வண்டியை நேராக்கப் பார்க்கும், ஸ்டீயரிங் கனக்கும், இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டியிருக்கும். உள்சக்கரம் அந்தக் கோட்டைத் தாண்டினதும் நிலைமை தலைகீழா மாறுது. டார்க் வெளிச்சக்கரத்துக்குப் பாயுது, முன்பக்கத்தை வளைவுக்குள்ள இழுக்குது. எல்லாரும் புகழ்ற "இழுப்பு" இதுதான்.

அதனால கால் பழக்கத்தை மாத்தணும். நேரா இருக்கும்போதே பிரேக்கை முடிச்சுட்டு திருப்புங்க. வண்டியோட மூக்கு வளைவு முடியுற பக்கத்தைப் பார்க்குற வரை பொறுங்க. அப்புறம் தயங்காம மிதிச்சு, மிதிச்ச காலை அப்படியே வச்சு, ஸ்டீயரிங்கை மெல்ல அவிழ்த்துக்கிட்டே வாங்க. அரை மிதியில வளைவு முழுக்க ஓட்டுறதுதான் எல்எஸ்டி வண்டிக்கு ரொம்ப மோசம். தள்ளலும் இருக்கும், இழுப்பும் கிடைக்காது.

கணக்கா சொன்னா: 110 என்எம் (நியூட்டன் மீட்டர்) எஞ்சின், செகண்ட் கியர் விகிதம் 1.9, ஃபைனல் டிரைவ் விகிதம் 4.1 என்றால் முழு மிதியில சக்கரங்களுக்கு மொத்தம் சுமார் 857 என்எம் வரும். மணல் மேல எடை குறைஞ்ச உள்சக்கரம் 190 தான் தாங்குதுன்னா, சாதா டிஃபரன்ஷியல் மறுபக்கமும் அதே 190 தான் கொடுக்கும். ஆக 380, மிச்சம் சும்மா சுத்துறதுல போயிடும். 2.5க்கு 1 பங்கிடுற ஹெலிக்கல் இருந்தா வெளிச்சக்கரத்துக்கு 475 வரை போகும், மொத்தம் 665. வெளிச்சக்கரத்துக்குக் கீழ பிடிமானம் இருக்கணும், அவ்வளவுதான் நிபந்தனை. அதுவும் விட்டுட்டா முன்சக்கரம் ரெண்டும் சேர்ந்து வழுக்கும். அந்தத் தள்ளல் சாதா டிஃபரன்ஷியல்ல வர்றதைவிட திடீர்னு வரும். அப்போ காலை வெடுக்குன்னு எடுக்காம, கொஞ்சமா தளர்த்துங்க.

இன்னொண்ணு, நம்ம பக்கத்து ரோட்டுக்கு இது முக்கியம். கரை ரோட்டுல இடதுபக்கம் மணல், வலதுபக்கம் தார். சாதா டிஃபரன்ஷியல்ல ரெண்டு பக்கமும் ஒரே டார்க், அதனால வண்டி நேரா போகும். எல்எஸ்டியில தார்மேல இருக்குற வலது சக்கரம் அதிகமா தள்ளும், வண்டி இடதுபக்கம் திரும்பப் பார்க்கும், ஸ்டீயரிங்கும் அதே பக்கம் இழுக்கும். அந்தப் பக்கம் வாய்க்கால். குறுவை அறுவடை சமயத்துல ஓரத்துல வைக்கோல், டிராக்டர் கேஜ் வீல் கொட்டின சேறு எல்லாம் கிடக்கும்போது லாரியை முந்த ஒரு சக்கரத்தை ஓரத்துல வச்சு முழுசா மிதிக்கவே கூடாது. ஸ்டீயரிங்கை ரெண்டு கையாலயும் பிடிங்க.

டெல்டா பிட்லேன்

வகை பத்தி நான் சொல்றேன். உங்க ஓட்டத்துக்கு ஹெலிக்கல்தான். சத்தம் கிடையாது, தேய்மானம் ரொம்பக் குறைவு, யூ டர்ன்ல தொல்லை இல்ல. 1995ல வந்த ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர்ல இருந்ததும் ஹெலிக்கல்தான். ஆனா எஞ்சின் டார்க் கூடக்கூட ஸ்டீயரிங் இழுப்பும் கூடும். 2002 ஃபோர்டு ஃபோக்கஸ் ஆர்எஸ்ல குவைஃப் கம்பெனி ஹெலிக்கல் டிஃபரன்ஷியல் ஸ்டீயரிங்கை எப்படி இழுத்ததுன்னு அப்போ ஓட்டின பல பேர் எழுதியிருக்காங்க. உங்க 1.2ல அந்த அளவுக்கு வராது. தேர்டு கியர் வளைவுல எல்எஸ்டி இருக்குறதே தெரியாது.

ஹெலிக்கலுக்கு ஒரு பலவீனம்: அது பெருக்கித்தான் கொடுக்கும். மதகு மேட்டுல உள்சக்கரம் தரையை விட்டுத் தூக்கிட்டா பூஜ்யத்தை 2.5 ஆல பெருக்கினாலும் பூஜ்யம்தான். ஆக்ஸிலரேட்டரை விடாம இடது காலால பிரேக்கை லேசா தொட்டா, தூக்கின சக்கரத்துக்கு ஒரு தடை கிடைக்கும், உடனே மறுபக்கம் டார்க் போகும்.

பிளேட் வகை சக்கரம் தூக்கினாலும் வேலை செய்யும், ஏன்னா உள்ளயே பிரீலோட் (பிளேட்டை எப்பவும் அழுத்தி வச்சிருக்குற அழுத்தம்) இருக்கு. முன்சக்கர வண்டிக்கு ஒன் வே (மிதிக்கும்போது மட்டும் பூட்டும்), மிஞ்சினா ஒன் பாயிண்ட் ஃபைவ் வே (காலை எடுத்தாலும் கொஞ்சம் பூட்டும்) எடுங்க. டூ வே போட்டா காலை எடுத்தாலும் ரெண்டு சக்கரமும் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும், வளைவுல நுழையவே மறுக்கும். பார்க்கிங்ல திருப்பினா "டக் டக்"னு அடிக்கும். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே ஆயில்ல ஓடுறதால அந்த ஆயில் சின்க்ரோ ரிங்குக்கும் (கியர் மாத்தும்போது வேகத்தைச் சமமாக்குற வளையம்) ஒத்துக்கணும். வழுக்கல் சேர்மானம் அதிகமா ஊத்தினா பிளேட் சத்தம் அடங்கும், ஆனா கியர் மாத்தும்போது கரகரக்கும். ஜிஎல்-4 தர ஆயில் கேட்கிற கியர்பாக்ஸ்ல கண்ட ஜிஎல்-5ஐ ஊத்தினா பித்தளை சின்க்ரோவை அரிக்கலாம். புது பிளேட்டுக்கு முதல் 500 கிலோமீட்டர்ல ஆயில் மாத்திடுங்க, இரும்புத் தூள் நிறைய வரும்.

குடந்தை_கியர்

நன்றி அண்ணே. ஹெலிக்கல்னே முடிவு பண்றேன். இங்க ஒரு பட்டறையில "ஸ்பைடர் கியரை (டிஃபரன்ஷியலுக்குள்ள இருக்குற சின்ன கியர்) வெல்டு வச்சுடலாம், செலவே இல்ல"ங்குறாங்க. அது எப்படி? ஏத்தும்போது எதைக் கவனிக்கணும்?

மன்னை_டிரைவ்ஷாஃப்ட்

வெல்டு வேண்டவே வேண்டாம். டிராக்டர்ல டிஃப் லாக் பெடலை சேத்துல சக்கரம் வழுக்கும்போது மட்டும் மிதிச்சு, வரப்புல திரும்புறதுக்கு முன்னாடி விட்டுடுறோம் இல்லையா, வெல்டு வச்சா அந்தப் பெடலை எப்பவும் மிதிச்சே வச்ச மாதிரி. தார் ரோட்டுல ஸ்டீயரிங் திரும்பாது, டயர் தேயும், டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் உடையும். வெல்டு விட்டுப்போய் துண்டு விழுந்தா கியர்பாக்ஸே காலி.

எல்எஸ்டி ஏத்த கியர்பாக்ஸை இறக்கிப் பிளக்கணும். இறக்கினது இறக்கினபடி கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல் எல்லாத்தையும் மாத்திடுங்க, கூலி ஒண்ணுதான். கிரவுன் வீல் (டிஃபரன்ஷியல் கூட்டைச் சுத்துற பெரிய பல்சக்கரம்) போல்ட் புதுசு, லாக்டைட் (போல்ட் தளராம பிடிக்குற பசை) போட்டு, மேனுவல்ல இருக்குற டார்க்குக்கு எதிரெதிரா இறுக்கணும். சைடு பேரிங்கும் புதுசு.

பெரும்பாலும் கெடுறது ஷிம் (பேரிங் இறுக்கத்தைச் சரிசெய்யுற மெல்லிய வளையம்) கிட்டதான். எல்எஸ்டி கூடு பழைய கூட்டோட உயரத்துக்கு அப்படியே இருக்காது. பழைய ஷிம்மை அப்படியே போட்டு மூடிட்டா, இறுக்கம் அதிகமானா பேரிங் சூடாகிக் கருகும், குறைஞ்சா கிரவுன் வீல் ஆடி ஊளையிடும். டயல் கேஜ் வச்சு அளந்து ஷிம் எடுக்கத் தெரிஞ்ச ஆள்கிட்ட மட்டும் கொடுங்க. பழைய மாடல் கியர்பாக்ஸ்ல ஸ்பீடோமீட்டர் கியர் டிஃபரன்ஷியல் கூட்டுமேல உட்கார்ந்திருக்கும். அதைக் கழட்டி புதுசுல மாட்ட மறந்தா மொத்தத்தையும் திரும்ப இறக்கணும்.

டெல்டா பிட்லேன்

இதோட ரெண்டு சேர்த்துக்குங்க. முன் டயர் ரெண்டும் ஒரே பிராண்டு, ஒரே தேய்மானம், ஒரே காத்து. ஒரு பக்கம் 4 பிஎஸ்ஐ குறைஞ்சாலே மிதிக்கும்போது இழுக்கும், எல்எஸ்டி மேல பழி போடுவோம். முன் ஆன்டி ரோல் பாரை (வளைவுல வண்டி சாயுறதைக் குறைக்குற கம்பி) தடிச்சதா மாத்தாதீங்க, அது உள்சக்கரத்தோட எடையை இன்னும் குறைக்கும். பின் சஸ்பென்ஷனைக் கொஞ்சம் கடினமாக்கினா உள்பக்க முன்சக்கரம் தரையில நல்லா உட்காரும். பணம் எடுக்குறதுக்கு முன்னாடி இதை மட்டும் செஞ்சு அதே வளைவுல ஒருதரம் பாருங்க. கேமராவை முன் ஃபெண்டர்ல ஒட்டி உள்சக்கரத்தைப் பதிவு பண்ணினா எவ்வளவு நேரம் சுத்துதுன்னு கண்ணால தெரிஞ்சுடும்.

செகண்ட் ஹேண்ட் எல்எஸ்டி வாங்குறதா இருந்தா எந்த வகைன்னு கேட்டுட்டு வாங்குங்க. வண்டியில மாட்டினதும் நியூட்ரல்ல ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில தூக்கி, ஹப் நட்டுல டார்க் ரென்ச் வச்சுத் திருப்பிப் பாருங்க. பிளேட் வகைன்னா தயாரிப்பாளர் சொன்ன அளவு பிடிக்கணும், குறைஞ்சா பிளேட் தேய்ஞ்சாச்சு. ஹெலிக்கல் கிட்டத்தட்ட லேசாவே சுத்தும், அதைப் பார்த்து கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் கொடுத்துடாதீங்க.