மறு: சூப்பர்வீனியன்சுக்கு ‘அடியொற்றல்’ சரிப்படுமா?

> ‘சார்ந்திருத்தல்’ போதாதா, எதற்கு இவ்வளவு சிரமம்?

போதாது ஐயா. நம் மெய்யியல் கலைச்சொல் பட்டியலுக்கு ‘சூப்பர்வீனியன்ஸ்’ (supervenience) என்பதற்குத் தமிழ் தேடுகிறோம். ‘சார்ந்திருத்தல்’, ‘உடன்மாற்றம்’, ‘உளச்சார்வு’, ‘அடிப்படையாதல்’ என்று பலர் சொல்லியிருக்கிறீர்கள், நான் சொல்வது ‘அடியொற்றல்’. பயிர் மழையைச் சார்ந்தது, ஆனால் மழை குறையாமலே பூச்சி விழுந்தும் பயிர் கெடும். இந்தக் கருத்தை அலசிய மெய்யியலாளர் ஜேக்வோன் கிம் சொல்வது அதைவிடக் கறார்: உடலில் துளி வித்தியாசமும் இல்லாமல் மனத்தில் வித்தியாசம் வரவே வராது.

இன்று காலை இங்கே பெங்களூர் அல்சூரில் எங்கள் வாசலில் அரிசிமாவுக் கோலம், எதிர்வீட்டுக் கன்னட அம்மா வாசலில் அதே சிக்குக்கோலம் ரங்கோலிப் பொடியில். பால்காரர் வண்டி ஏறி எங்களுடையதில் ஒரு வளைவு போயிற்று, கோலமும் கோணிவிட்டது. மாவு கலையாமல் கோலம் கோணாது. ஆனால் மாவுக்குப் பதில் பொடி வந்தாலும் கோலம் அதேதான். அதாவது மேலே (கோலம், மனம்) மாறினால் கீழே (மாவு, உடல்) மாறியே ஆகவேண்டும், கீழே மாறினால் மேலே மாறவேண்டும் என்ற கட்டாயமில்லை. மும்பை நண்பரின் ‘உடன்மாற்றம்’ இங்கேதான் அடிபடுகிறது, அது இரண்டு பக்கமும் ஓடும்.

‘உளச்சார்வு’ம் வேண்டாம். சொல் மனத்துக்கு மட்டும் உரியதல்ல. 1952லேயே ஆங்கிலேய மெய்யியலாளர் ஹேர் அறவியலில் ஆண்டார், 1970ல் அமெரிக்க மெய்யியலாளர் டேவிட்சன் மனத்துக்குக் கொண்டுவந்தார், அப்புறம் கிம் அதைப் பிரித்து மேய்ந்தார். (கொரியாவின் சோல் நகரில் பிரெஞ்சு இலக்கியம் படித்துக்கொண்டிருந்தவர் 1955ல் அமெரிக்கா போய் இந்த வம்பில் மாட்டிக்கொண்டார். 1987ல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.) அமெரிக்க மெய்யியலாளர் குவைனை மறுத்து 1988ல் எழுதிய கட்டுரையில் அறிவுக்கும் இதையே நீட்டினார்: மற்ற எல்லாத் தகவலிலும் ஒத்துப்போகும் இரண்டு நம்பிக்கைகளில் ஒன்றுக்கு மட்டும் நியாயம் உண்டு, மற்றதற்கு இல்லை என்று சொல்லமுடியாது.

‘அடியொற்றல்’ எனக்குப் பிடித்ததற்குக் காரணம், முன்னே போனவர் தடம் விலகாமல் பின்னவர் விலகமுடியாது, அவ்வளவுதான் அது சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. கிம்மும் பிற்காலத்தில் இது மனம்-உடல் சிக்கலைச் சொல்கிறதே தவிரத் தீர்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அதனால்தான் ‘அடிப்படையாதல்’ எனக்கு உறுத்துகிறது, தீர்த்துவிட்ட தோரணை அதில் இருக்கிறது. ‘அடி’க்குக் கீழ்ப்பகுதி என்ற பொருளும் இருப்பது இலாபம், ‘அடிப்பண்பு’, ‘அடியொற்றும் பண்பு’ என்று சோடி கிடைக்கிறது.

ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. அடியொற்றுகிறவர் காலத்தால் பின்னால் வருகிறவர், கிம் சொல்வதோ ஒரே கணத்தில் நடப்பது. இதைவிட நல்ல சொல் இருந்தால் ஞாயிறுக்குள் அனுப்புங்கள், இல்லையென்றால் பட்டியலில் இதையே ஏற்றிவிடுகிறேன்.