அட்டை மாறும் வாரத்தில்தான் கவனம் வேண்டும்

"கருத்தடை மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டேன், ஆனாலும் கரு தங்கிவிட்டது" என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, புது அட்டையை என்றைக்குத் தொடங்கினார்கள் என்பதுதான். 28 மாத்திரை அட்டையில் வழக்கமாக 21-ல்தான் ஹார்மோன் இருக்கும். மீதி 7 இரும்புச்சத்தோ வெற்று மாத்திரையோதான். அந்த 7 நாளில் சினைப்பை மெல்ல விழிக்கிறது. புது அட்டை மேலும் இரண்டு நாள் தள்ளிப்போனால் முட்டை வளர்ந்து வெளியேறிவிடலாம். நடு அட்டையில் ஒன்று விட்டுப்போவதைவிட இதுவே பெரிய ஆபத்து.

ஒன்று விட்டுப்போனால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம், அன்றைக்கு இரண்டாகச் சேர்ந்தாலும் தவறில்லை. இரண்டோ அதற்கு மேலோ என்றால், கடைசியாக விட்டதை மட்டும் உடனே போட்டுவிட்டு, அடுத்த 7 நாள் ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். மூன்றாவது வாரத்தில் இப்படி ஆனால் வெற்று மாத்திரைகளைத் தொடாமல் நேராகப் புது அட்டைக்குப் போங்கள்.

மேலே உள்ளது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன் கலந்த மாத்திரைக்கு. பாலூட்டும் தாய்மாருக்குத் தரும் புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரையில் இடைவெளியே கிடையாது. பழைய வகையில் 3 மணி நேரம், டெசோஜெஸ்ட்ரல் உள்ள புதிய வகை என்றால் 12 மணி நேரம் வரை தாமதிக்கலாம். அதைத் தாண்டினால் 2 நாள் ஆணுறை. மாத்திரை தோற்றதற்கு எல்லா ஆன்டிபயாடிக்கையும் பழிப்பதில் நியாயமில்லை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிடாயின் போன்றவைதான் ஹார்மோனைக் கல்லீரலில் வேகமாகச் சிதைக்கின்றன. இவற்றைச் சாப்பிடுபவர்களுக்குக் கருப்பையில் வைக்கும் காப்பர் டி அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி பொருந்தும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், மருந்து சீக்கிரம் கரைந்துவிடும். 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்களும், கண்ணில் ஒளிக்கோடுகள் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்களும் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தொடவே கூடாது. பக்கவாத ஆபத்து உண்டு.

ஹார்மோனே வேண்டாம் என்பவர்களுக்குக் காப்பர் டி 380ஏ 10 ஆண்டு தாங்கும். முதல் 3 முதல் 6 மாதம் உதிரப்போக்கும் வலியும் கூடுதலாக இருக்கும்; இதை முன்பே சொல்லாததால்தான் பலர் பயந்து எடுத்துவிடுகிறார்கள். மாதவிடாய் முடிந்ததும் காப்பர் டியின் நூலைத் தொட்டுப் பாருங்கள். நூல் நீண்டிருந்தாலோ, காணவில்லை என்றாலோ, கெட்டியாக பிளாஸ்டிக் தட்டுப்பட்டாலோ காட்ட வேண்டும். அவசரத்துக்கும் காப்பர் டிதான் சிறந்தது: பாதுகாப்பில்லாத உறவுக்குப் பின் 5 நாளுக்குள் வைத்தால் போதும். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. என்ற அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் போட வேண்டும். அது முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடும், அவ்வளவே. ஏற்கெனவே வெளியேறியிருந்தால் பலன் மிகக் குறைவு.

ஆண்கள் பக்கம்: லேடெக்ஸ் ஆணுறையோடு தேங்காய் எண்ணெயோ வாசலினோ சேர்ந்தால் ரப்பர் சில நிமிடங்களில் பலவீனமாகிவிடும், நீர் சார்ந்த ஜெல்லே சரி. இரண்டு உறை போடுவது பாதுகாப்பு அல்ல, உரசிக் கிழியும். வாசெக்டமி (ஆண் கருத்தடை அறுவைச் சிகிச்சை) செய்தவர்களுக்கு அன்றே பலன் கிடைக்காது. குழாயில் மிஞ்சிய விந்தணு வெளியேற 3 மாதம் ஆகும், அதுவரை வேறு முறை வேண்டும். பிறகு விந்துப் பரிசோதனையில் விந்தணு இல்லை என்று வந்த பின்தான் அதை நிறுத்தலாம்.