பழைய எனாமல், பித்தளை விற்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். ஆறு மாதமாக வீட்டிலிருந்தே பழைய பொருள் வாங்கி விற்கிறேன். மாதம் ஒருமுறை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய் எனாமல் தூக்கு, பித்தளைக் கூஜா, பீங்கான் ஜாடி என்று எடுத்து வருவேன். வாங்குவதில் சிக்கலில்லை, பேரம் பேச அம்மா கூட வருகிறார். விற்பதில்தான் தடுமாற்றம்.

போன வாரம் 900 ரூபாய் கூஜா ஒன்றைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தேன். பார்க்க வந்தவர், "அந்தக் கறுப்புக்குத்தானே காசு, அதைப் போய்த் தேய்த்துவிட்டீர்களே!" என்று திரும்பிப் போய்விட்டார். நீங்கள் தேய்ப்பீர்களா, தூசி மட்டும் தட்டுவீர்களா?

எனாமலில் விளிம்பு பெயர்ந்திருந்தால் எவ்வளவு குறைப்பது? அடியில் ஸ்வீடன் முத்திரை இருந்தால் கூடுதலாகக் கேட்கலாமா? அப்புறம், கூரியரில் ஜாடி இரண்டு முறை உடைந்துவிட்டது. எப்படிக் கட்டி அனுப்புகிறீர்கள்?

1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் தாண்டியவற்றை விற்க உரிமம் வேண்டும் என்பதால் சாமி சிலைப் பக்கமே போவதில்லை. ஆனால் ஒரு கூஜாவின் வயதை எதை வைத்துக் கணிப்பது? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் அடுத்த நடைக்கு முன் தெளிவாகிவிடுவேன்.