எஸ்றா 2-இல் வரும் பர்சிலாய், தாவீதுக்குச் சோறு போட்ட அதே பர்சிலாயா?

கிணற்றடி:
அம்மாவுக்குக் கண்புரை. பொடி எழுத்து தெரிவதில்லை. அதனால் ராத்திரி சாப்பிட்ட அப்புறம் வேதாகமத்தில் ஓர் அதிகாரத்தை நான்தான் சத்தமாக வாசிப்பேன். நேற்று எஸ்றா 2. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களின் கணக்கு, இன்னார் புத்திரர் இத்தனை பேர் என்று போய்க்கொண்டே இருக்கும். அம்மா தூங்கிவிட்டார் என்று நினைத்து நாலைந்து வசனத்தைத் தாண்டிக்கூடப் போனேன். 61-ஆம் வசனத்தில் ‘கீலேயாத்தியனான பர்சிலாய்’ என்று வந்ததும், கண்ணைத் திறக்காமலே, “ராஜா கூப்பிட்டும் போகாத அந்த எண்பது வயசுக்காரர்தானே?” என்றார்.

2 சாமுவேல் 19-ஐத் தேடி எடுத்தேன். எருசலேமுக்கு வா, நான் உன்னைப் பராமரிக்கிறேன் என்கிறார் தாவீது. கிழவர், எனக்கு வயது எண்பது, தின்பது குடிப்பது ருசிக்குமா, பாடுகிறவர்கள் சத்தம் காதில் விழுமா, என் ஊரிலேயே அப்பா அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் சாகிறேன் என்கிறார். காது கேட்கிற இடம் வந்ததும் அம்மா சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சரி, என் சந்தேகம் இதுதான். எஸ்றாவில் இருப்பது அதே ஆளா? பர்சிலாயின் குமாரத்திகளில் ஒருத்தியைக் கட்டிய ஓர் ஆசாரியர் அந்த வம்சப் பெயரைத் தரித்துக்கொண்டார் என்கிறது அந்த வசனம். அவர் எதற்காக மாமனார் வீட்டுப் பெயரை வைத்துக்கொண்டார்? வீட்டோட மாப்பிள்ளையா?

ஒற்றைக்கண்ணாடி:
அதே ஆள்தான், ஆனால் அவர் அங்கே உயிரோடு இல்லை. தாவீதின் காலம் கி.மு. 1000-ஐ ஒட்டியது. பெர்சியாவின் கோரேசு ராஜா யூதர்களை ஊர் திரும்ப விட்டது கி.மு. 538. நடுவில் நானூற்றைம்பது வருஷம் போல ஓடிவிட்டது. பர்சிலாய் வீட்டுப் பெண் ஒருத்தியை எப்போதோ ஓர் ஆசாரியர் கட்டிக்கொண்டு அந்த வம்சப் பெயரையே தரித்துக்கொண்டார். ‘குமாரத்திகளில் ஒருத்தி’ என்றால் சொந்த மகளாகவும் இருக்கலாம், பின்னால் வந்த பேத்தி கொள்ளுப்பேத்தியாகவும் இருக்கலாம்.

வினை அந்தப் பெயரில்தான் வந்தது. ஆசாரியத்துவம் தகப்பன் வழியில் இறங்குவது. இவர்கள் வம்ச அட்டவணையைத் தேடினால், முதல் பிரதான ஆசாரியரான ஆரோனின் வழிக்கு அத்தாட்சி இல்லை. கடவுளின் சித்தத்தைக் கேட்டறிய உதவும் ஊரீம் தும்மீமோடு ஓர் ஆசாரியர் எழும்பும்வரை மகா பரிசுத்தமானதை, அதாவது ஆசாரியர்களுக்குரிய காணிக்கைப் பங்கைச் சாப்பிடக்கூடாது என்று ஆளுநர் சொல்லிவிட்டார்.

எனக்கு இந்த வீட்டின் கதை முழுக்கவே பந்திக் கதையாகத்தான் படுகிறது. கலகம் செய்த மகன் அப்சலோமுக்குப் பயந்து யோர்தானைத் தாண்டி மகனாயீமுக்கு வந்த தாவீதுக்குப் படுக்கை, மண்பாண்டம், கோதுமை, வாற்கோதுமை, வறுத்த தானியம், பயறு, தேன், வெண்ணெய், ஆடு, பால்கட்டி என்று கொண்டுவந்தவர்களில் பர்சிலாய் ஒருவர். ராஜாவின் சாப்பாட்டை அவர் வேண்டாம் என்றார். சாகும் தறுவாயில் தாவீது சாலொமோனிடம், பர்சிலாயின் பிள்ளைகள் உன் பந்தியில் சாப்பிடட்டும் என்கிறார் (1 இராஜாக்கள் 2:7). கடைசியில் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்களை, ஆலயத்துப் பங்கில் கை வைக்காதே என்று எழுப்பிவிடுகிறார்கள்.

தூக்குச்சட்டி:
இன்னொரு பர்சிலாயும் உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். 2 சாமுவேல் 21:8-இல் வரும் மேகோலாத்தியன். தாவீதுக்கு முன் ராஜாவாக இருந்த சவுலின் மருமகன் ஆதரியேலுக்கு அப்பா. அவர் வேறு வீடு. எஸ்றாவிலேயே ‘கீலேயாத்தியனான’ என்று ஊரைச் சேர்த்துச் சொன்னதால் பிழைத்தோம்.

வீட்டோட மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். ஆண் வாரிசு இல்லாமல் சொத்து மகளுக்கு வந்திருக்கும், அதனால் பெயரும் வந்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. பர்சிலாய்க்கு மகன்கள் இருந்தது ஒற்றைக்கண்ணாடி காட்டிய வசனத்திலேயே தெரிகிறது. பெரிய இடத்துப் பெயர், ராஜ தயவு பெற்ற வீடு, வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியிருக்கும். நம்மூரில் நடக்காததா?

ஒற்றைக்கண்ணாடி:
பேத்தி காலத்தில் அந்தக் கிளையில் ஆண் வாரிசு அற்றுப்போயிருக்கலாமே. அதையும் தள்ள முடியாது.

இன்னொன்று. எஸ்றா 2:61-இலேயே வரும் கோஸ் என்கிற ஆசாரியர் வீட்டாரும் அட்டவணை கிடைக்காமல் வெளியே நிற்கிறார்கள். ஆனால் கோசின் பேரன், உரியாவின் மகன் மெரெமோத் எருசலேம் அலங்கத்தை, அதாவது மதிலைக் கட்டுவதை நெகேமியா 3:4-இல் பார்க்கலாம். எஸ்றா 8:33-இல் உரியாவின் மகன் மெரெமோத் என்கிற ஆசாரியரின் கையில்தான் வெள்ளியும் பொன்னும் நிறுத்துக் கொடுக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆள் என்றால் கோஸ் வீட்டாருக்கு வழி திறந்துவிட்டது. பர்சிலாய் வீட்டாருக்கு என்ன ஆயிற்று என்று வேதத்தில் ஒரு வரி இல்லை.

மழைக்காகிதம்:
கிம்காமை விட்டுவிட்டீர்களே! தனக்குப் பதிலாக இவனைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கிழவர் அனுப்பிவைத்த பிள்ளை. அந்த அதிகாரத்தில் ‘உமது அடியான்’ என்று மட்டும்தான் இருக்கிறது. மகன் என்பது 1 இராஜாக்களோடு சேர்த்துப் படிக்கும்போது வருவது. எரேமியா 41:17-இல், பாபிலோன் ராஜா வைத்த அதிகாரி கெதலியா கொலையான பிறகு எகிப்துக்கு ஓடக் கிளம்பிய கூட்டம் பெத்லெகேமுக்குப் பக்கத்தில் தங்கிய இடத்தின் பெயரிலேயே கிம்காம் இருக்கிறார். தாவீது தன் சொந்த ஊரில் அவருக்கு நிலம் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

கிணற்றடி:
எல்லாருக்கும் நன்றி. மூன்று பேர் பதிலையும் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்தேன். கிம்காம் விஷயம் பிடித்திருந்தது, “பிள்ளையையாவது அனுப்பினாரே” என்றார். அப்புறம் அந்தப் பொருள் பட்டியலை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். “வறுத்த தானியமா? அத்தனை பேருக்கு? வறுத்தது யாராம்?”

பர்சிலாயின் மனைவி பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப்பார்த்தேன். இல்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.