புதுப்பிப்பு: கொலம்பைன் பூத்துவிட்டது!

திருகோணமலை உவர்மலை வீட்டில் போட்ட கொலம்பைன் (குளிர்நாட்டுப் பூச்செடி) விதை ஒன்றுகூட முளைக்கவில்லை என்று 2 வருடத்துக்கு முன் எழுதியிருந்தேன். பிழை என்னுடையதுதான், மண்ணால் மூடிவிட்டேன். அதற்கு முதலில் குளிர் வேண்டும், அப்புறம் வெளிச்சம்.

அடுத்தமுறை ஈர மணலில் கலந்து 4 கிழமை பிரிட்ஜில் வைத்தேன். மார்கழி மழைக்குள், நிழலில், மண்ணின் மேலே சும்மா தூவினேன். 25ஆம் நாள் முளை! இலை கொத்தமல்லி போல, ஆனால் சாம்பல் பூத்த பச்சை. மழைத்துளி ஒட்டாமல் முத்தாக உருண்டது.

இங்கே வைத்தவை கச்சான் என்ற வறண்ட வெப்பக் காற்றில் கருகிப்போயின. ஆணிவேர் நீளுமுன் குளிரான நுவரெலியாவில் இருக்கிற அக்காவிடம் கொடுத்த 6 கன்றும் பிழைத்தன. போன கிழமை முதல் பூ. ஐந்து இதழ், ஒவ்வொன்றின் பின்னாலும் தேன் நிறைந்த ஒரு வால். விதை காய்ந்ததும் எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறா.